கறிக்கடை வீட்டுச் சொல்

இடது கை ஆட்டின் பின்தொடையை அமுக்கிப் பிடித்திருந்தது. வலது கையிலிருந்த சின்னக் கத்தி மூட்டுக்குள் நுனியை மட்டும் விட்டு, எலும்பில் உரசாமல் ஒரு சுற்றுச் சுற்றியது. மூட்டு தானாகக் கழன்றது. பிடித்திருந்த கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் இருந்த இடத்தில் தோல் இழுத்துத் தைத்தது போலச் சுருங்கிக் கிடந்தது. வழுக்கும் இறைச்சியை அந்தக் கை ஐந்து விரல் கையைவிட அழுத்தமாகப் பிடிக்கும். பிடிக்கக் கற்றுக்கொண்டு ஒன்றரை வருடம் ஆகிறது.

தொடையைக் கொக்கியில் மாட்டிவிட்டு அவள் தராசுக்கு அடியில் செருகியிருந்த தாளை எடுத்துப் பார்த்தாள். மேலே தலைப்பு: ‘இந்த வீடு எதற்காக இருக்கிறது.’ கீழே நான்கு வரிகள். நான்கும் அடிக்கப்பட்டிருந்தன.

சந்தை முழுக்க அவளுக்குப் பெரியக்கா என்றுதான் பெயர். ஐம்பத்திரண்டு வயது. பன்னிரண்டு வயதில் கத்தி பிடித்தவள். சொல்லிக்கொடுத்தது அப்பா. சொல்லிக்கொடுத்தார் என்றால் வாயால் அல்ல. வெட்டு ஒரு நூல் தள்ளி விழுந்தால் கத்தியின் பக்கவாட்டால் மணிக்கட்டில் ஒன்று விழும். கடையில் அப்படி. வீட்டில் பெல்ட்டு, அதுவும் கொக்கி இருக்கும் பக்கம். “ஆடு கத்தாம சாகணும், புள்ளைங்க கத்தாம வாங்கணும்” என்பது அவருடைய பேச்சு. அதைச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். பெரியக்கா, நடுத் தங்கை, கடைசித் தம்பி மூன்று பேரும் கத்தாமல் வாங்கப் பழகினார்கள். யார் அதிகம் வாங்கியும் கத்தவில்லை என்று தங்களுக்குள் போட்டிகூட வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் நடுத் தங்கைதான் ஜெயித்தாள்.

அப்பா ஒரு காலையில் விலா எலும்பைப் பிளந்துகொண்டிருக்கும்போதே கட்டையின் மேல் குப்புற விழுந்து செத்தார். அக்காவும் தம்பியும் அவரைக் கீழே கிடத்திவிட்டு, நின்றிருந்த வாடிக்கையாளருக்கு மீதி விலாவை வெட்டிக் கொடுத்த பிறகுதான் கடையைச் சாத்தினார்கள். அந்த வாடிக்கையாளர் இதைப் பத்து வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நடுத் தங்கை கல்யாணமாகிப் போன இடத்தில் ஒரு ஜெபக்கூடத்தில் சேர்ந்தாள். சின்னச் சபை, எண்பது குடும்பம் இருக்கும். அவள் கணவன் சேரவில்லை. அவன் அடிக்கிறவன். ஒன்றரை வருடத்துக்கு முன் அடித்தே கொன்றான். அவன் இப்போது ஜெயிலில். அவர்களுடைய ஒரே மகள், ஏழு வயது, சபை நடத்தும் குழந்தைகள் இல்லத்தில் இருந்தாள்.

அந்தக் குழந்தையைத்தான் பெரியக்கா கேட்டாள். சபை மறுக்கவில்லை; ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. அந்தச் சபையில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுச் சொல் என்பார்கள். இந்த வீடு எதற்காக இருக்கிறது என்று கடவுளிடம் சொல்லும் தாள். அதில் ஒரு வாக்குறுதியும் இருக்கக் கூடாது. செய்வோம், இருப்போம், விடமாட்டோம் என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கடவுள் வாக்குறுதிகளை நிறையப் பார்த்துவிட்டார். நடந்ததை எழுது, எதற்காக இருக்கிறோம் என்பது அதிலேயே அவருக்குத் தெரிந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தாளைச் சத்தமாகப் படிப்பார்கள். ஏதாவது வரி பொய் என்று தெரிந்தவர் எழுந்து நின்று சொல்லலாம். வயது வித்தியாசமில்லை. யாரும் எழுந்திருக்காவிட்டால், அந்த வீட்டில் எல்லாருக்கும் சின்ன ஆள் யாரோ அவர் கையில் தாள் போய்ச் சேரும். அதோடு அந்த வீட்டைச் சபை ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

வருகிற ஞாயிறுதான் கெடு. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும் ஓர் ஆசிரியத் தம்பதி குழந்தையைத் தத்துக் கேட்டிருந்தார்கள். அவர்களுடைய வீட்டுச் சொல் போன மாதமே படித்து முடிந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ரத்த உறவு என்பதால் பெரியக்காவுக்குத்தான் முதல் உரிமை; அவள் தாள் வராவிட்டால் குழந்தை மறுநாளே அவர்களோடு ரயில் ஏறுவாள்.

பெரியக்கா ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சந்தை முனை ஜெராக்ஸ் கடைக்காரர் மனு எழுதிக் கொடுப்பவர். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் யோசிக்கவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு நான்கு வரி எழுதினார். எங்கள் வீட்டின் தலைவர் கடவுள். அன்பே எங்கள் அஸ்திவாரம். எங்கள் வீட்டில் யாரும் பசியோடு தூங்கியதில்லை. யாரையும் நாங்கள் கைவிட்டதில்லை. எழுத்து முத்து முத்தாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தம்பியோடு இல்லத்துக்குப் போனாள்.

இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறவர் பெண்கள் ஜெயிலில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் எல்லாரும் வார்டனம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் படித்தார்.

“கடவுள் உங்க வீட்டுக்குத் தலைவர். சரி. எந்தத் தேதியிலேர்ந்து?”

பெரியக்கா பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தாள். இரண்டாவது வரிக்கு வார்டனம்மா கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அஸ்திவாரம் என்ற சொல்லைப் பார்த்ததும் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். மூன்றாவது வரியை அவனே அடித்தான். அப்பா அவனைச் சட்டையில்லாமல் வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்ட ராத்திரிகளை எண்ணக் கைவிரல் போதாது.

நான்காவது வரியில் வார்டனம்மா விரலை வைத்தார். “இதைப் படிச்சா எழுந்திரிக்க ஒரு ஆள் இருக்கு. ஏழு வயசு. தெரியுமில்ல?”

பெரியக்காவுக்குத் தெரியும். தாளை மூன்று விரல் கையால் அமுக்கிக்கொண்டு அந்த வரியையும் அடித்தாள்.

இந்தத் திங்கட்கிழமை காலை, வரிகள் அடிக்கப்பட்ட தாள் தராசுக்கு அடியில் இருந்ததற்கு இதுதான் காரணம். தொடையை மாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தவளை எதிர்க் கடை மீன்காரர் கவனித்துவிட்டார். சந்தையில் ரகசியம் ஐஸ் மாதிரி. மத்தியானத்துக்குள் தண்ணீராகி எல்லாக் கடைக்கும் ஓடிவிடும்.

“என்ன பெரியக்கா, கறிக்கடையில சமாதானப் பத்திரம் எழுதுறீங்களாமே” என்றார். “எழுதி முடிச்சதும் ஆட்டுகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்குங்க.”

பக்கத்துக் கடைகள் சிரித்தன. பெரியக்காவுக்கே உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது. மீன்காரர் அதோடு நிறுத்தியிருக்கலாம். “செத்தவ இருந்தா அவளே சாட்சி போட்டிருப்பா” என்று சேர்த்துச் சொன்னார்.

தம்பி கையிலிருந்த ஈரலை வைத்துவிட்டு எடைக்கல்லை எடுத்தான். நடைபாதையைத் தாண்டினதை யாரும் பார்க்கவில்லை. கல் கன்னத்தில் இறங்கிய சத்தத்தைத்தான் கேட்டார்கள். ஈரக் குச்சி ஒடிவது போன்ற சத்தம். மீன்காரர் விழுமுன் அவர் தலைமுடியைப் பிடித்து, முகத்தை ஐஸ் பெட்டிக்குள் அமுக்கினான். ஐஸ் சிவந்தது. அவர் கால்கள் மீன்கூடையை உதைத்தன. தம்பி ஒன்றும் பேசவில்லை, மூச்சுக்கூட வாங்கவில்லை. அவன் அப்படித்தான். கத்தாமல் வாங்கியவன் கத்தாமல்தான் கொடுப்பான்.

பெரியக்கா ஓடிப்போய்க் கையிலிருந்த வெட்டுக்கத்தியைத் திருப்பி, பக்கவாட்டால் அவன் முதுகில் ஓங்கி அறைந்தாள். ஒரு முறை. விடவில்லை. இரண்டாம் முறை மணிக்கட்டில். கை விட்டது. மீன்காரரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். கண்ணுக்குக் கீழே எலும்பு உள்ளே போயிருந்தது.

தம்பி மணிக்கட்டைத் தடவிக்கொண்டு அக்காவைப் பார்த்தான். அந்த அடி இருவருக்கும் தெரிந்த அடி. அதே இடம், அதே கத்தி. பிடியில் அப்பாவின் கை தேய்த்த பள்ளம் இன்னும் இருந்தது.

வழுக்கி விழுந்ததாக மீன்காரர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார். சந்தை வழக்கம் அது. நாளைக்கும் எதிரெதிரே கடை போட வேண்டுமே. தம்பி அன்று சாயங்காலம் வரைக்கும் கடையைக் கழுவிக்கொண்டேயிருந்தான். கழுவின தரையை மறுபடி கழுவினான். கடைசியில் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றான்.

“என்னை வெச்சு எழுதாத அக்கா.”

“நீ இந்த வீட்டு ஆளில்லாம பின்ன யாரு?”

“வீட்டு ஆளுதான். அதான் சொல்றேன். பாப்பா ஒரு நாள் பாலைக் கொட்டுவா. நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது.”

செவ்வாய்க்கிழமை அவன் பாயையும் இரண்டு சட்டையையும் எடுத்துக்கொண்டு கடைக்கு மேலே தோல் உலர்த்தும் அறைக்குப் போய்விட்டான். வீட்டுச் சாவியைக் கழற்றிக் கொடுத்தான். ஆட்டுத்தோல் நாற்றத்தில் எப்படித் தூங்குகிறாய் என்று மறுநாள் கேட்டதற்கு, தோல்கள் குறட்டை விடுவதில்லை, வீட்டில் ஒரு ஆள் விடும் என்றான்.

புதன்கிழமையிலிருந்து அவள் தானே எழுதத் தொடங்கினாள். கறி கட்டும் காகிதத்தில்தான் எழுதிப் பார்த்தாள். கறியில் கொழுப்பையும் சவ்வையும் எடுப்பதுபோல ஒவ்வொரு வரியிலும் நடக்காததை எடுத்தாள். எடுத்தால் மிச்சம் ஒன்றுமே இல்லை. அப்பாவைப் பற்றிய வரி மட்டும் நின்றது. அடுத்த வரிக்கு வரும்போதெல்லாம் ஒரு வாடிக்கையாளர் வந்துவிடுவார். அவளும் நிம்மதியாக எழுந்து போய் வெட்டுவாள். வியாழன் மதியம் யாரும் வரவில்லை. எழுதினாள்.

நடந்தது இதுதான். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் நடுத் தங்கை கடை வாசலில் வந்து நின்றாள். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. ஒரு கையில் பை, இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை. அக்கா, கொஞ்ச நாள் இங்கே இருந்துக்கறேன் என்றாள். பெரியக்கா முன்தொடையிலிருந்து எலும்பை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து உதட்டைப் பார்த்தாள். அவள் பார்க்காத உதடா.

“நாம வாங்காத அடியா? போய் அனுசரிச்சுக்க. நீதானே நம்மள்ல கெட்டி.”

கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாள். பாராட்டாகத்தான் சொன்னாள். தங்கை பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பிறகு திரும்பிப் போனாள். பதினொரு நாள் கழித்து அவன் அவளை மாடிப்படியில் மோதி, விழுந்த பிறகும் உதைத்தான். அப்போதும் அவள் கத்தவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீஸில் சொன்னார்கள். கத்தியிருந்தால் வந்திருப்போம் என்றார்கள்.

அந்த வரிகளுக்குக் கீழே அவளால் மேற்கொண்டு போக முடியவில்லை. அடுத்தது தம்பியின் விஷயம். அதை அவன் அனுமதி இல்லாமல் எழுத முடியாது.

தங்கை செத்த அன்று காலையில் அவள் கணவன் தானே கறிக்கடைக்கு வந்தான். உங்க தங்கச்சி படியில வழுக்கிட்டா, ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றான். தம்பி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. தோல் உரிவதைப் பற்றி அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டையைப் பிடித்து மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்து, கழுத்தைக் கட்டையில் வைத்து, முழங்காலால் முதுகை மிதித்துக்கொண்டு, பெரிய கத்தியை ஓங்கினான். கட்டையில் ஆட்டு ரத்தம் காயவில்லை. ஓங்கின கத்தியைத் தம்பி பாதியில் நிறுத்துகிறவன் அல்ல. பெரியக்கா இடது கையை அந்தக் கழுத்தின் மேல் விரித்து வைத்தாள்.

கத்தி இறங்கியது. இரண்டு விரல்கள் தரையில் பரப்பியிருந்த மரத்தூளில் விழுந்தன. அவன் கழுத்தில் ஓர் அங்குலத்துக்கு வெட்டு. அவ்வளவுதான். எழுந்து ஓடினான். சாயங்காலம் பேருந்து நிலையத்தில் பிடித்தார்கள். மச்சான் வெட்ட வந்தான் என்று அவன் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை, கொலைகாரன் பேச்சு. எலும்பு அறுக்கும் மெஷினில் கை மாட்டிக்கொண்டது என்று பெரியக்கா சொன்னாள். அதைத்தான் ஊர் நம்பியது. அக்காவும் தம்பியும் தங்களுக்குள்ளேகூட அதற்குப் பிறகு மெஷின் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் காகிதத்தை மாடிக்கு எடுத்துப்போய்க் கொடுத்தாள். தம்பி உதடு அசையப் படித்தான். பிறகு, கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று கேட்டான். மூன்றாம் வரிசையில் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் குடும்பத்தோடு வருவார் என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். வேண்டாமென்றால் விட்டுவிடலாம், அப்பாவும் தங்கையும் போதும் என்றாள்.

“அதுவரைக்கும் எழுதினா, இந்த வீடு எதுக்கு இருக்குன்னு கடவுளுக்கு என்ன புரியும்?” என்றான் தம்பி. “அடிக்கவும் தொரத்தவும் இருக்குன்னு புரியும். அந்த ஒரு கை வெச்சதுதானே அக்கா நம்மகிட்ட இருக்கு. கொடு பேனாவை.”

அவன் கையெழுத்து கோழி கிண்டினது போல இருக்கும். எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

அன்று மதியம் இருவரும் வீட்டுக்குப் போனார்கள். அப்பாவின் பெல்ட்டு இத்தனை வருடமும் வாசல் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. தம்பி அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு ஆணியைப் பிடுங்கினான். பாப்பா இப்போது எவ்வளவு உயரம் இருப்பாள் என்று கேட்டான். வெட்டுக்கட்டை உயரம்தான் இருப்பாள் என்றாள் அக்கா. கொஞ்சம் தாழ்த்தி ஆணியை அடித்து, அவன் திருப்பிக் கொடுத்திருந்த சாவியை அதில் மாட்டினார்கள். அதையும் கடைசி வரியாகச் சேர்த்துக்கொண்டாள். நடந்துவிட்டதல்லவா.

சனிக்கிழமை நல்ல தாள் வாங்கி முழுவதையும் திருத்தமாக எழுதினாள். தம்பியின் வரிகளை மட்டும் அவனையே எழுத வைத்தாள்.

ஞாயிறு காலை தம்பி குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, ஒரு துணிப்பையோடு வந்தான். பையில் என்ன என்று கேட்டாள்.

“ஒரு லுங்கி, துண்டு. அந்த சப்-இன்ஸ்பெக்டர் அப்படியே கூட்டிட்டுப் போனாருன்னா?”

“பிரஷ்ஷு எடுத்துக்கிட்டியா?”

“எடுத்துக்கிட்டேன்.”

ஜெபக்கூடத்தில் மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. குழந்தை முதல் வரிசையில் வார்டனம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. ஆசிரியத் தம்பதி அதே வரிசையின் மறுகோடியில் இருந்தார்கள். பெரியக்காவைத் தாளோடு முன்னால் கூப்பிட்டார்கள். அவளே படித்தாள்.

“இந்த வீடு எதற்காக இருக்கிறது. எங்கள் அப்பா எங்களைப் பெல்ட்டால் அடித்தார். நாங்கள் கத்தாமல் வாங்கினோம். அதைப் பெருமை என்று நினைத்தோம்.

“என் தங்கை ஒரு பையும் குழந்தையுமாக வந்து நின்றாள். உதடு கிழிந்திருந்தது. நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை. திருப்பி அனுப்பினேன். பதினொரு நாளில் செத்தாள்.

“அவள் புருஷனை வெட்ட நான் கத்தியை ஓங்கினேன். அக்கா கை வைத்தாள். இரண்டு விரல் போனது. அவன் சாகவில்லை. மெஷின் என்று சொன்னது பொய். இது தம்பி எழுதியது.

“திங்கட்கிழமை தம்பி ஒருவரை அடித்தான். நான் தம்பியை அடித்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவன் கடை மாடியில் தூங்குகிறான். வெள்ளிக்கிழமை பெல்ட்டு தொங்கிய ஆணியைக் கீழே இறக்கி அடித்தோம். அதில் வீட்டுச் சாவி தொங்குகிறது. குழந்தைக்கு எட்டும்.”

அவ்வளவுதான். பின்னால் யாரோ இருமினார்கள். வார்டனம்மா எழுந்து, இதில் பொய் இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். மூன்றாம் வரிசை சப்-இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கவில்லை. தம்பியையும் அவன் மடியிலிருந்த துணிப்பையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தை பெஞ்சிலிருந்து இறங்கி நின்றாள்.

வார்டனம்மா குனிந்து, எந்த வரி என்று கேட்டார்.

“ஒரு பை இல்ல” என்றாள் குழந்தை. “ரெண்டு பை. ஒண்ணு என்னோடது. நான்தான் தூக்கிட்டு வந்தேன்.”

பெரியக்கா அந்த மத்தியானத்தை மறுபடி பார்த்தாள். உதட்டைப் பார்த்திருந்தாள். அதற்குக் கீழே, கட்டை மறைத்த உயரத்தில், அவள் பார்க்கவேயில்லை.

“சரியா பெரியம்மா?” என்று குழந்தை கேட்டாள்.

“சரிடா. ரெண்டுதான்.”

வார்டனம்மா பேனாவைக் கொடுத்தார். பெரியக்கா தாளை மேசையில் வைத்து மூன்று விரல் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ‘ஒரு பை’ என்பதை அடித்து மேலே ‘இரண்டு பை’ என்று எழுதினாள். ‘ஒன்று குழந்தையுடையது’ என்று பக்கத்தில் சேர்த்தாள். மை காய ஊதினாள். வார்டனம்மா மறுபடியும் கூட்டத்தைப் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

“வாங்கிக்கோம்மா” என்றார்.

குழந்தை இரண்டு கையையும் நீட்டினாள். பெரியக்கா மண்டியிட்டு, தாளை அந்தக் கைகளில் வைத்தாள்.